காட்டுக்கும் முகாமுக்கும் ஏற்ற கத்தி: கைப்பிடியில் தொடங்கித் தேர்ந்தெடுக்கும் முறை

வெளியிடங்களில் புழங்க நல்ல கத்தி ஒன்று வேண்டும் என்று தேட ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் எஃகின் பெயரில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். 1095 நல்லதா, டி2 நல்லதா, மேக்னாகட் கிடைக்குமா என்று வாரக்கணக்கில் படிக்கிறார்கள். கடைசியில் வாங்கி வந்த கத்தியின் கைப்பிடி உள்ளங்கையில் உறுத்துகிறது. அலகு கால் அங்குலத் தடிமனில் இருக்கிறது. ஒரு குச்சியைச் சீவினால் சுருள் சுருளாக வர வேண்டிய சீவல் துண்டு துண்டாகப் பிய்ந்து வருகிறது. வரிசை தலைகீழாகப் போனதுதான் காரணம். முதலில் வேலை, அடுத்து கைப்பிடி, பிறகு அலகின் அளவும் வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், வடிவமும், இவையெல்லாம் முடிவான பிறகே எஃகு. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

மடக்குக் கத்தியை விட்டுவிட்டு மடங்காத கத்தியைத் தேடுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. மடக்குக் கத்தியில் அச்சும் பூட்டும் இருக்கின்றன; அழுத்தம் முழுவதும் அந்த இரண்டின் மேல் விழுகிறது. மண்ணும் மரப்பாலும் உள்ளே புகுந்தால் சுத்தம் செய்வது பெரும்பாடு. மடங்காத கத்தியை ஒரு கையால் உருவலாம், தண்ணீரில் அலசித் துடைக்கலாம், பூட்டு நழுவி விரல் மேல் மடியுமோ என்ற பயம் இல்லாமல் அழுத்திச் சீவலாம்.

முதல் படி: கத்தி என்ன வேலை செய்யப்போகிறது?

நேர்மையாக எழுதிப் பார்த்தால் பட்டியல் மிகவும் சாதாரணமாக இருக்கும். கயிறு அறுப்பது, நெருப்பு மூட்டச் சீவல் எடுப்பது, கூடாரத்துக்கு முளைக்குச்சி செதுக்குவது, குச்சியில் வெட்டுக்குழி போடுவது, பட்டை உரிப்பது, சாப்பாட்டுக்கு எதையாவது நறுக்குவது, எப்போதாவது மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டையைப் பிளப்பது. இதில் பத்தில் ஒன்பது பங்கு மெல்லிய, நிதானமான வெட்டுவேலை. கரடியோடு மல்லுக்கட்டுவதோ, மரத்தைச் சாய்ப்பதோ இதில் இல்லை.

பருமனான மரத்தில் வேலை இருக்கிறது என்றால் அதற்கான கருவி ரம்பமோ கோடரியோதான். ஒரு சிறிய கத்தியும் ஒரு மடக்கு ரம்பமும் சேர்ந்து செய்கிற வேலையை, அவற்றின் மொத்த எடைக்குச் சமமான பெரிய கத்தி ஒன்றால் செய்ய முடியாது. பெரிய கத்தியால் கட்டையைக் கொத்தித் துண்டாக்கும் நேரத்தில் ரம்பம் நான்கு துண்டு அறுத்துவிடும், அதுவும் பாதுகாப்பாக. ஆகவே எல்லா வேலைக்கும் ஒரே கத்தி என்ற ஆசையை இந்தப் படியிலேயே கைவிடுங்கள். அந்த ஆசைதான் தடித்த, கனத்த, எதையும் ஒழுங்காக வெட்டாத கத்தியை வாங்க வைக்கிறது.

சட்டத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அலகின் நீளம், பொது இடத்தில் எடுத்துச் செல்லும் விதம், நியாயமான காரணம் வேண்டுமா இல்லையா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. வனச் சரணாலயங்களுக்குத் தனி விதிகள் இருக்கலாம். விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது.

இரண்டாம் படி: கைப்பிடி

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். அலகு எவ்வளவு உயர்வாக இருந்தாலும் கைப்பிடி உறுத்தினால் கால் மணி நேரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிடுவீர்கள். உறுத்தும் கைப்பிடியைத் தளர்வாகப் பிடிப்பீர்கள். தளர்வாகப் பிடித்த கத்தி நழுவும். கத்திக் காயங்களில் பல இப்படித்தான் நேர்கின்றன.

நீளம் உள்ளங்கையின் அகலத்தைவிட ஒன்றிரண்டு செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். பெரும்பாலான கைகளுக்கு 11 முதல் 12 செ.மீ. சரியாக வரும். குட்டையாக இருந்தால் கைப்பிடியின் அடிமுனை உள்ளங்கையின் நடுவில் குத்தும். குறுக்குவெட்டு முட்டை வடிவில் இருப்பது நல்லது. அப்படி இருந்தால் இருட்டிலும் கண்ணால் பார்க்காமல் வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். முறுக்கி வெட்டும்போது உள்ளங்கைக்குள் சுழலவும் சுழலாது. உருண்டையான கைப்பிடி இந்த இரண்டிலும் தோற்றுவிடும். பக்கங்கள் சப்பையாக, விளிம்புகள் கூர்மையாக விடப்பட்ட கைப்பிடி பார்க்க எடுப்பாக இருந்தாலும் கையைக் கொப்புளமாக்கும்.

ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம் வெட்டிய கைப்பிடிகளைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பள்ளங்கள் ஒரே ஒரு பிடிக்கு மட்டும் பொருந்தும். மரவேலையில் பிடி மாறிக்கொண்டே இருக்கும்: ஒரு நேரம் முஷ்டியாகப் பிடிப்போம், அடுத்து கட்டைவிரலை முதுகில் வைத்து அழுத்துவோம், பிறகு வாயை நம் பக்கம் திருப்பி மார்போடு ஒட்டி இழுப்போம். எல்லாப் பிடிக்கும் இடம் கொடுப்பது எளிய, லேசாக நடுவில் பருத்த கைப்பிடிதான். பின்லாந்தின் பாரம்பரியக் கத்தியான பூக்கோவைப் பாருங்கள். பள்ளமோ பெரிய காப்போ எதுவும் இல்லாத கைப்பிடி அது.

காப்பு, அதாவது விரல் முன்னால் சறுக்கி வாயில் படாமல் தடுக்கும் மேடு, எவ்வளவு வேண்டும் என்பது பழக்கத்தைப் பொறுத்தது. புதியவர்களுக்குக் கீழ்ப்பக்கம் சிறிய மேடு இருப்பது நல்லது. முதுகுப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் காப்பு கட்டைவிரலுக்கு இடைஞ்சல், அது வேண்டாம்.

பொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மரம் கைக்கு இதம். அவ்வப்போது எண்ணெய் பூசினால் போதும். துணியையும் ரெசினையும் அழுத்திச் செய்யும் மிகார்ட்டா ஈரத்தில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். கண்ணாடி நார்த்துணியையும் ரெசினையும் அழுத்திச் செய்யும் ஜி10 மிகவும் உறுதியானது, ஆனால் சொரசொரப்பாக விட்டிருந்தால் கையைத் தேய்க்கும். ரப்பர் கலந்த பிளாஸ்டிக் விலை குறைவு, மழையில் வழுக்காது. கடும் குளிரில் புழங்குகிறவர்கள் எஃகு வெளியே தெரியாத கைப்பிடியாகப் பார்க்கலாம். உறைந்த உலோகம் விரலிலிருந்து சூட்டை உறிஞ்சிவிடும்.

வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் உறையோடு கத்தியை இறுக்கிப் பிடித்து, சீவுவதுபோல ஒரு நிமிடம் அசைத்துப் பாருங்கள். பிறகு கையைத் திறந்து பாருங்கள். ஒரே இடத்தில் சிவந்திருந்தால் அந்த இடத்தில்தான் நாளை கொப்புளம் வரும். உள்ளங்கை முழுவதும் ஒரே சீராகச் சிவந்திருந்தால் அது உங்கள் கைக்கான கைப்பிடி.

மூன்றாம் படி: நீளமும் தடிமனும்

அலகின் நீளம் 9 முதல் 12 செ.மீ. வரை. இதற்குள் எதை எடுத்தாலும் தப்பில்லை. கணக்காகச் சொல்ல வேண்டுமென்றால் நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் வரும் அகலத்தைவிடச் சற்று அதிகம். இதற்கு மேல் நீண்டால் முனை கையிலிருந்து தள்ளிப் போய் நுணுக்க வேலை கெடும். இதற்குக் கீழே குறைந்தால் கட்டை பிளக்க இடம் போதாது.

தடிமனில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்வீடனின் மோரா நகரிலிருந்து வரும் மோராக்னிவ் கம்பானியன் கத்தியின் முதுகு 2.5 மி.மீ. மட்டுமே. அதே நிறுவனத்தின் கார்பெர்க் 3.2 மி.மீ. ஸ்வீடன் விமானப்படை விமானிகளுக்காக உருவான ஃபால்க்னிவன் எஃப்1 4.5 மி.மீ. இந்த வகைக் கத்திகளில் 6 மி.மீ. தாண்டுகிறவையும் உண்டு. மெல்லியது சிரமமில்லாமல் ஆழமாக இறங்கும், தடித்தது ஆப்புபோலப் பிளக்கும். நம் பட்டியலில் பத்தில் ஒன்பது பங்கு சீவலும் அறுப்பும் என்பதால் 2.5 முதல் 4 மி.மீ. என்பதே என் பரிந்துரை. பிளக்கும் வேலை கூடுதலாக இருக்கும் என்றால் 4, செதுக்கலே பிரதானம் என்றால் 3-க்குள்.

ஒரு முக்கியமான விஷயம்: முதுகின் தடிமனைவிட வாய்க்குச் சற்று மேலே எவ்வளவு தடிமன் இருக்கிறது என்பதுதான் வெட்டைத் தீர்மானிக்கிறது. முதுகு 4 மி.மீ. இருந்தும் வாய்ப்பக்கம் நன்றாக மெலிந்திருந்தால் அருமையாக வெட்டும். முதுகு 3 மி.மீ. மட்டும் இருந்து, வாய்க்குப் பக்கத்திலும் ஒரு மி.மீ. தடிமன் விட்டிருந்தால் எவ்வளவு தீட்டினாலும் மரத்தில் சிக்கி நிற்கும்.

நான்காம் படி: வாயின் வடிவம்

அலகு முதுகிலிருந்து வாய்க்கு எப்படி இறங்குகிறது என்பதை இங்கே பார்க்கிறோம். நான்கு வடிவங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஸ்காண்டி வடிவத்தில் அலகு பாதிக்கு மேல் ஒரே தடிமனாக வந்து, பிறகு ஒரே அகலமான சரிவாக வாய் வரை இறங்கும். இரு பக்கமும் சேர்த்துக் கோணம் ஏறக்குறைய 20 முதல் 25 டிகிரி. மரம் செதுக்க இதற்கு ஈடு கிடையாது. அகலமான சரிவு மரத்தின் மேல் சப்பையாகப் படிந்து, வெட்டு எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று கைக்கு வழிகாட்டும். தீட்டுவதும் சுலபம்: அந்தச் சரிவைச் சாணைக்கல்லில் படிய வைத்தால் கோணம் தானாகவே வந்துவிடும். குறை என்னவென்றால் கெட்டியான கிழங்கு, பழம் போன்றவற்றை நறுக்கும்போது ஆப்புபோல இறங்கி அவற்றைப் பிளந்துவிடும். கடினமான கணுவில் பக்கவாட்டில் முறுக்கினால் மெல்லிய வாய் மடிந்துபோகும்.

முழுச் சமச்சரிவு வடிவம் முதுகிலிருந்தே மெல்ல மெல்ல மெலிந்து வந்து, வாயில் ஒரு குறுகிய இரண்டாம் சரிவோடு முடியும். நறுக்கல், அறுப்பு, செதுக்கல் என்று எல்லாவற்றையும் நன்றாகவே செய்யும். சமையலும் மரவேலையும் சமமாக வரும் என்றால் இதையே எடுங்கள்.

குவிந்த வடிவத்தில் நேர்ச்சரிவுக்குப் பதிலாக லேசான வளைவு இருக்கும். வாய் உறுதியாக நிற்கும், பிளப்பதற்கு நல்லது. தட்டையான கல்லில் இந்த வளைவைக் காப்பாற்றத் தனிப் பழக்கம் வேண்டும். மெத்தென்ற பரப்பில் விரித்த உப்புத்தாளில் தீட்டினால் சுலபமாக வரும். நான்காவது உட்குழிந்த வடிவம். தோலுரிப்பது, மெல்லிய அறுப்பு ஆகியவற்றுக்குக் கூர்மை அபாரம். மரவேலைக்கு வாய் மிகவும் மெலிவு. நம் தேவைக்கு அது வேண்டாம்.

முதல் கத்தி வாங்குகிறவருக்கு ஸ்காண்டி என்றுதான் சொல்வேன். காரணம் அதன் வெட்டு மட்டும் இல்லை. தீட்டக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. தீட்டத் தெரியாதவர் கையில் எந்தக் கத்தியும் சில வாரங்களில் மொண்ணைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாய் கைப்பிடியை எவ்வளவு ஒட்டித் தொடங்குகிறது? அதிக அழுத்தம் கொடுத்துச் செதுக்கும் வேலை எல்லாம் கைப்பிடிக்கு அருகில் உள்ள வாயில்தான் நடக்கும். நடுவில் விரல் வைக்கப் பெரிய பள்ளம் வெட்டியிருந்தால் வாய் 2, 3 செ.மீ. முன்னால் தள்ளிப்போகும்; அந்தத் தூரத்துக்கான சுமை மணிக்கட்டில் ஏறும். பாதி வாய்க்கு ரம்பப் பல் வெட்டியிருக்கும் கத்திகளிலும் இதே சிக்கல். செதுக்குவதற்கு மிகச் சிறந்த இடத்தை அந்தப் பற்கள் தின்றுவிடுகின்றன. தீட்டுவதும் கடினம்.

ஐந்தாம் படி: காம்பு, முனை, முதுகு

அலகின் எஃகு கைப்பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பது காம்பு. கைப்பிடியின் முழு அகலத்துக்கும் நீளத்துக்கும் எஃகு போனால் ஃபுல் டேங். மிகவும் உறுதி, கூடவே எடையும் கூடும். மெல்லிய காம்பு கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் கத்தி பலவீனமானது என்று பரவலாகச் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. வட ஐரோப்பியக் காட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது அந்த வகையைத்தான். சீவல், செதுக்கல், மிதமான பிளப்பு எல்லாவற்றையும் அது தாங்கும். கட்டை பிளப்பது அன்றாட வேலை என்றால் மட்டும் ஃபுல் டேங் என்று பிடிவாதம் பிடியுங்கள். கைப்பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டில் முள்ளும் வைக்க இடம் விட்ட குழல் கைப்பிடிக் கத்திகளை மட்டும் தொடவே வேண்டாம். அலகும் கைப்பிடியும் சேரும் இடத்தில் வலுவே இருக்காது.

முனை கைப்பிடியின் நடுக்கோட்டுக்கு அருகில் வருமாறு முதுகு மெல்லத் தாழும் வடிவம்தான் நல்லது. துளை போடும்போது விசை நேராகப் போகும். ஊசிபோல நீண்டு மெலிந்த முனை கட்டையில் குத்தி நெம்பினால் ஒடியும்.

முதுகைத் தொட்டுப் பாருங்கள். விளிம்புகள் மழுக்கப்படாமல் செங்கோணமாக இருந்தால் அது போனஸ். ஃபெர்ரோ ராடை உரசித் தீப்பொறி எடுக்க அந்த விளிம்பு வேண்டும். 1903-இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த ஃபெர்ரோசீரியம் என்ற கலவைதான் அந்தக் கோல். பொறி கோலிலிருந்து சுரண்டப்படும் துகளிலிருந்து வருவதால் எந்த எஃகானாலும் வேலை செய்யும், விளிம்பு மட்டும் கூராக இருந்தால் போதும். சிக்கிமுக்கிக் கல்லில் தட்டிப் பொறி எடுப்பது வேறு கதை. அங்கே எரிவது எஃகின் துகள். அதற்குக் கடினமான கார்பன் எஃகு வேண்டும். முதுகு மழுங்கியிருந்தால் ஓர் அரம் வைத்து நீங்களே சரிசெய்துகொள்ளலாம். கட்டைவிரல் படும் இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: இப்போது எஃகு

முதல் கேள்வி: ஈரத்தில் புழங்குவீர்களா, துடைத்து எண்ணெய் பூசும் பொறுமை உண்டா?

கார்பன் எஃகு சீக்கிரம் தீட்டுப்படும், வாய் உறுதியானது, நனைந்தபடி விட்டால் துரு பிடிக்கும். 1095 என்பதில் 0.95 சதவீதம் அளவில் கார்பன். 80சிஆர்வி2, ஓ1 ஆகியவையும் இந்தக் குடும்பம்தான். நாளாவட்டத்தில் அலகில் படியும் சாம்பல் நிறப் படலம் கெடுதல் இல்லை, அது துருவைத் தாமதப்படுத்தும். செம்மஞ்சள் நிறம் தெரிந்தால்தான் உடனே தேய்த்து எடுக்க வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகு மழைக்கும் கடலோரத்துக்கும் சமையலுக்கும் ஏற்றது. 12சி27, 14சி28என் இரண்டும் மெல்லிய வாயைத் தாங்கும், வெளியிடத்திலேயே தீட்டிக்கொள்ளலாம், விலையும் கட்டுக்குள் இருக்கும். துருப்பிடிக்காத எஃகைப் பற்றிய பழைய குறைகூறல், அதாவது அதைத் தீட்டவே முடியாது என்பது, இவற்றுக்குப் பொருந்தாது.

இங்கே ஒரு நுணுக்கம். குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு என்பது பொது வரையறை. டி2 எஃகில் 12 சதவீதம் அளவில் குரோமியம் இருந்தும் அது துரு பிடிக்கிறது. 2021-இல் உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து வெளிவந்த மேக்னாகட்டில் 10.7 சதவீதம்தான், ஆனால் துருவை அருமையாகத் தடுக்கிறது. டி2-வில் குரோமியத்தின் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்து கடினமான கார்பைடு துகள்களாக ஒதுங்கிவிடுகிறது. எஃகில் கரைந்து நிற்கும் குரோமியம்தான் காவல் காக்கும். மேக்னாகட்டில் அது கரைந்தே நிற்கிறது. சதவீதத்தை மட்டும் படித்து முடிவெடுத்தால் இப்படித்தான் ஏமாற வேண்டியிருக்கும்.

எஃகின் பெயரைவிட அதற்குப் போட்ட பதம், அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கிய விதம், முக்கியம். கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 57 முதல் 60 வரை இருந்தால் மரவேலைக்குச் சரி. அதைவிட மிருதுவானால் வாய் மடியும். மிகக் கடினமானால் கணுவில் பட்டு வாய் சிதறும். பெயர் பெற்ற எஃகில் பதம் கெட்ட கத்தியைவிட, எளிய எஃகில் பதம் சரியாக விழுந்த கத்தி பல மடங்கு மேல். எனவே பதத்தில் நல்ல பெயரெடுத்த தயாரிப்பாளரைத் தேடுங்கள்.

ஏழாம் படி: உறை

உறையையும் கத்தியின் பாகமாகவே எண்ணுங்கள். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழக் கூடாது. ஒரு கையால் உருவவும் செருகவும் வர வேண்டும். செருகும்போது வாய் உறையின் ஓரத்தை வெட்டிக்கொண்டு வெளியே வந்தால், அந்தப் பக்கம்தான் உங்கள் விரல்கள் இருக்கும். அப்படிப்பட்ட உறையை ஏற்காதீர்கள். தோல் உறை சத்தமில்லாதது, பார்க்க அழகு, ஆனால் ஈரத்தை உறிஞ்சும். பிளாஸ்டிக், கைடெக்ஸ் (சூட்டில் வளைத்து வடிவமைக்கும் கெட்டி பிளாஸ்டிக்) உறைகளில் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

எட்டாம் படி: பணம் கொடுக்கும் முன்

முதுகை மேலாக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். அலகு நேராக இருக்க வேண்டும், கைப்பிடியோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இரண்டு பக்கச் சரிவும் ஒரே உயரமா என்று ஒப்பிடுங்கள். கைப்பிடிக்கும் எஃகுக்கும் இடையில் நகம் மாட்டினால் அங்கே தண்ணீர் புகும். பிறகு வாயை விளக்குக்கு நேராகத் திருப்பி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. கறுத்த ஒரு கோடாகவே தெரியும். எங்கேயாவது புள்ளியாகவோ கீற்றாகவோ மினுங்கினால் அங்கே வாய் மழுங்கியிருக்கிறது, அல்லது பல் விழுந்திருக்கிறது. அது தீட்டினால் போகும். வளைந்த அலகு தீட்டினாலும் போகாது.

ஒன்பதாம் படி: வாங்கிய பிறகு

காய்ந்த, கணு இல்லாத குச்சி ஒன்றை எடுத்து, அதிலிருந்து பிரிந்துவிடாமல் சுருள் சுருளாகச் சீவி நிறுத்திப் பாருங்கள். கத்தியின் கூர், கைப்பிடியின் பொருத்தம், உங்கள் கையின் பக்குவம் மூன்றும் இந்த ஒரே வேலையில் வெளிப்படும். உட்கார்ந்து சீவும்போது முழங்கைகளை முழங்கால் மேல் ஊன்றி, கைகளை உடலுக்கு வெளியே நீட்டிச் சீவுங்கள். இரு தொடைகளுக்கும் நடுவில் வைத்து வெட்டவே கூடாது. தொடையின் உட்புறம் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுபட்டால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. கை நீட்டும் தூரத்துக்குள் யாரும் இல்லை என்று பார்த்த பிறகே கத்தியை உருவுங்கள்.

கட்டை பிளக்க வேண்டியிருந்தால், அலகின் நீளத்தைவிடப் பருமன் குறைந்ததாக எடுங்கள். கத்தியை நடுவில் வைத்து, வெளியே நீண்டிருக்கும் முதுகை மரத்தடியால் தட்டுங்கள், கல்லாலோ சுத்தியலாலோ தட்டாதீர்கள். கணு உள்ள கட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

தீட்டுவதற்குச் சொரசொரப்பு எண் 1000 உள்ள கல் ஒன்றும், அதைவிட மெல்லிய கல் ஒன்றும், தோல் பட்டை ஒன்றும் போதும். சரிவின் மேல் மார்க்கரால் மை பூசிவிட்டுக் கல்லில் இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். மை முழுவதும் அழிந்தால் கோணம் சரி. வாயோரம் மட்டும் அழிந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள். மேல்பக்கம் மட்டும் அழிந்தால் அதிகம் சாய்த்துவிட்டீர்கள். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, எதிர்ப்பக்க வாயில் விரல் நுனியைக் குறுக்காகத் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். நுனியிலிருந்து கைப்பிடி வரை பிசிறு எழும் வரை பக்கம் மாற்றாதீர்கள். பிறகு மறுபக்கம், கடைசியில் தோல் பட்டையில் முதுகு முன்னால் போகும்படி இழுத்துப் பிசிறை நீக்குங்கள்.

கார்பன் எஃகுக் கத்தியை நீண்ட நாள் வைக்கும்போது தோல் உறைக்குள் வைக்காதீர்கள். தோலைப் பதப்படுத்திய உப்பும் அமிலமும் ஈரத்தோடு சேர்ந்து உள்ளேயே அரித்துவிடும். உலரத் துடைத்து, சாப்பாட்டில் பட்டாலும் கெடுதல் இல்லாத எண்ணெயை மெல்லியதாகத் தடவி, வாயை அட்டையால் மூடி, உறைக்கு வெளியே தனியாக வையுங்கள்.